தரியா தௌலத் சுவரோவியம்: ஒரு நோக்கு

காவேரி இரண்டாகப் பிரிந்து மீண்டும் ஒன்றாகும் இடைவெளியில் அமைந்த தீவு சிறீரங்கபட்டணம். தீவிற் பிறந்தவர் பிறிதொரு தீவுக்குச் சென்றால் முதலில் நீரையே தேடுவர். புளியங்கூடற் கரையிலே கடலைப் பார்த்துப் பழகிய எமக்கு அவ்வாற்றுக் கிளைகள் மிகச் சிறியனவாகவே தோன்றின. ஆயினும் அவற்றை அரணாகக் கொண்டே ஐதர் அலியும் அவன் மகன் திப்பு சுல்தானும் முப்பது ஆண்டுக் காலம் கிழக்கிந்தியக் கம்பனியை எதிர்த்து நின்றனர். கோட்டைக்கு வெளியே, தோட்டத்தின் நடுவே, திப்பு 1784இல் முடித்த கோடைகால மாளிகையின் பெயர் தரியா தௌலத். கடலின் செல்வம் என்பது அதன் பொருள். கடலோ அங்கிருந்து வெகுதொலைவு.

மாளிகை பெரியதன்று. தாழ்ந்த மேடைமீது பெரிதும் தேக்குமரத்தாலானது, நாற்புறமும் விறாந்தை, வெயில் ஓவியங்களைத் தின்றுவிடாதபடி வெளிப்புறம் முழுவதும் திரைகள் தொங்குகின்றன. திரையைக் கடந்து உள்ளே சென்றால் கண் இருளுக்குப் பழகச் சற்று நேரமாகின்றது. பின்னர் தூண், வளைவு, விதானம் யாவற்றிலும் கொடியும் மலரும் பொன்னிறமும் மெல்ல மெல்ல வெளிப்படுகின்றன. விரலளவு வெற்றிடமும் இல்லை. வெறுமையைக் கண்டு அஞ்சும் அலங்காரம் இது. முதற் பார்வையில் எனக்கு வியப்பைவிட அயர்வே மிகுதியாயிற்று என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

மேற்குச் சுவர் அவ்வயர்வைப் போக்கிற்று. 1780 செப்ரெம்பர் 10ஆந் திகதி காஞ்சிபுரத்துக்கு அணித்தே பொள்ளிலூரிலே நிகழ்ந்த போர் அங்கு தீட்டப்பட்டுள்ளது. கேணல் பெய்லியின் ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட படை அன்று அழிந்தது. அருகே காஞ்சியில் நின்ற ஹெக்டர் மன்றோ உதவிக்கு வாராது, தன் பெரும் பீரங்கிகளைக் கோயிற் குளத்தில் எறிந்துவிட்டுச் சென்னை நோக்கி ஓடினான். சிறைப்பட்ட பெய்லி 1782இல் இதே தீவில் இறந்தான்.

இவ்வோவியத்தில் மேனாட்டார் வற்புறுத்தும் தூர நோக்கு இல்லை. அருகிலுள்ளோரும் தொலைவிலுள்ளோரும் ஒரே தளத்தில் வரிசை வரிசையாக நிற்கின்றனர். இதனைக் குறையெனக் கொள்வது தவறு. செஞ்சட்டை அணிந்த ஆங்கிலச் சிப்பாய்கள் சதுர அணி வகுத்து நிற்க, குதிரைப்படை நாற்றிசையிலும் நெருங்குகின்றது. எல்லாம் ஒரே தளத்தில் இருப்பதனாலேயே தப்பிச் செல்ல இடமில்லை என்பது கண்ணுக்குப் புலப்படுகின்றது. நடுவே வெடிமருந்து வண்டி வெடித்துச் சிதறுகின்றது. பல்லக்கிலே பெய்லி விரலைக் கடித்துக்கொண்டிருக்கின்றான். வென்றவர்களோ உலாப் போவார்போல அமைதியாக வருகின்றனர். இரத்தமும் துண்டித்த தலைகளும் நிறைந்த களத்தில் இவ்வமைதியே எம்மைத் திடுக்கிட வைப்பது.

ஒன்று மட்டும் அச்சுவரில் இல்லை. பொள்ளிலூர் தமிழ் நிலம். அவ்வாண்டு ஐதரின் குதிரைப்படை கருநாடகப் பகுதியின் ஊர்களை எரித்தே முன்னேறியது. யானைக்கும் ஒட்டகத்துக்கும் இடங்கண்ட ஓவியத்தில் வயலை இழந்த உழவனுக்கு ஓர் அங்குலமும் இல்லை. அரசர்களின் சுவர்களில் நாம் எதிர்பார்க்கக்கூடாத ஒன்றுதான். இருந்தும் குறிப்பிடவே வேண்டும்.

எமக்கு வழிகாட்டியாக வந்தவர் இது திப்பு வரைவித்த ஓவியம் என்று கூறி அமைந்தார். உண்மை அத்துணை எளிதன்று. 1799 முற்றுகைக்கு முன்னரே அது சிதைந்திருந்தது. அவ்வாண்டு மே 4ஆந் திகதி திப்பு வீழ்ந்தபின் அம்மாளிகையிற் குடியேறிய ஆதர் வெல்லெஸ்லி, பின்னாளில் வெல்லிங்டன் கோமகன் ஆனவன், அதனைத் திருத்துவித்தான். மீண்டும் மங்கிற்று. 1850களின் நடுவே தேசாதிபதி டல்ஹௌசி, மூல ஓவியத்தை நினைவில் வைத்திருந்த இந்திய ஓவியன் ஒருவனைக் கொண்டு மறுபடி வரைவித்தான் என்பர். எனவே இன்று நாம் காண்பது ஆங்கிலேயர் தம் தோல்வியைத் தாமே பணங்கொடுத்து வரைவித்த படம்.

ஏன் அவ்வாறு செய்தனர்? நாகபுரியையும் அயோத்தியையும் விழுங்கிய அதே ஆண்டுகளிலேயே டல்ஹௌசி இவ்வாணையை இட்டான். மைசூர் இனிக் கடிக்காது என்ற உறுதி வந்தபின்னரே அதன் பற்களை அழகென்று பார்க்க இயலும். மாளிகையினுள்ளே கேர் போர்ட்டர் 1800இல் தீட்டிய கோட்டைத் தாக்குதற் காட்சியும் வைக்கப்பட்டுள்ளது. பொள்ளிலூரிற் சிறைப்பட்ட டேவிட் பெயர்டே அத்தாக்குதலுக்குத் தலைமை தாங்கியவன். வெளிச்சுவரின் கேள்விக்கு உள்ளறையில் விடை எழுதியது போன்ற அமைப்பு இது.

இதனாற் சுவரைப் போலியெனத் தள்ளுவோர் உளர். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இதே போரைக் கடதாசியில் தீட்டிய நீண்ட ஓவியமொன்று 2022இல் இலண்டனில் 630,000 பவுணுக்கு ஏலம் போயிற்று. அதிலும் வெடிக்கும் வண்டி உண்டு, பல்லக்கும் உண்டு. ஆகவே காட்சியமைப்பு பிற்கால ஓவியன் ஒருவனின் கற்பனையன்று. தூரிகை மட்டுமே பிந்தியது. டல்ஹௌசியின் பெயரைச் சொல்வோர் அவ்வோவியனின் பெயரைச் சொல்வதில்லை. ஆணையிட்டவன் பகைவன், கூலி பகைவனது, ஆயினும் பெய்லியின் வாயில் அவ்விரலை மறவாது வைத்தவன் அவனே. சுவரின் உண்மையான ஆசிரியனாக நான் கருதுவது அவனைத்தான்.

எம் ஊரவருக்கு இது தொலைதூர விடயமன்று. எமது குடும்பம் 1990இல் புளியங்கூடலை விட்டு இடம்பெயர்ந்தது. திரும்பிச் சென்றபோது அம்மம்மாவின் நாற்சார் வீட்டிலே சுவர்கள் இருந்தன. தலைவாசற் கதவும் நிலையும் தூண்களும் வளைகளும் இல்லை. இப்போது வெளிநாட்டிலுள்ள மாமா முன்பிருந்தபடியே கட்டுவிக்க விரும்புகின்றார். முன்பிருந்தபடி என்றால் எப்படி? படம் ஒன்றும் எஞ்சவில்லை. நல்லூர் மந்திரிமனையையாவது ஆய்வாளர் பார்த்து எழுதி வைத்தனர். எமது கதவை யாரும் எழுதவில்லை.

சென்ற மாதம் தச்சருக்குக் கொடுப்பதற்காக அம்மம்மாவிடம் கேட்டுக் கேட்டு நான் அக்கதவை வரைந்தேன். நிலையின் மேலே தாமரை இருந்தது என்றார். அருகிலிருந்த அவரது தங்கை, இல்லை, இரண்டு கிளிகள் என்றார். இருவரும் பிறந்த நாள்முதல் அவ்வாசலால் நடந்தவர்கள். தாளில் அவ்விடத்தை இன்னும் வெறுமையாகவே விட்டு வைத்திருக்கின்றேன்.