முகமூடிக்கு ஊரே துணை

விஸ்காம் மாணவர்கள் திகில் பட டிரெய்லர் எடுக்க உட்காரும் முன், ஜான் கார்ப்பெண்டரின் ‘ஹாலோவீன்’ (1978) படத்தை ஒருமுறை தலைப்புக்காகவும் உடைக்காகவும் மட்டும் பார்க்க வேண்டும். சுமார் 3 லட்சம் டாலரில் முடித்த படம் அது. அமெரிக்காவில் மட்டும் 4.7 கோடி டாலர் வசூலித்தது. இசையையும் கேமராவையும் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். அந்த வெற்றியில் தலைப்புக்கும் உடைக்கும் உள்ள பங்கு இன்னும் பெரியது என்பது என் கணிப்பு.

முதலில் வைத்திருந்த பெயர் ‘தி பேபிசிட்டர் மர்டர்ஸ்’. குழந்தை பார்த்துக்கொள்ள வரும் பெண்களை ஒருவன் கொல்கிறான் என்று கதையைச் சொல்லிவிட்டு அந்தப் பெயர் ஓய்ந்துபோகிறது. எல்லாம் ஹாலோவீன் நாளான அக்டோபர் 31 அன்று நடக்கட்டும், பெயரும் அதுவே இருக்கட்டும் என்றவர் தயாரிப்பாளர் இர்வின் யாப்ளான்ஸ். பல நாள் ஓடவேண்டிய கதை ஒரே நாளுக்குள் சுருங்கியது. உடைச் செலவும் சேர்ந்தே சுருங்கியது. அதைவிடப் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது. அன்றைக்கு ஊரில் ஆளுக்கொரு வேஷம் போடுவார்கள். முகமூடி போட்ட ஒருவன் பட்டப்பகலில் தெருவோரம் நின்றாலும் யாரும் திரும்பிப் பார்க்கப்போவதில்லை. கொலைகாரன் ஊருக்குள் நடமாடத் தலைப்பே அனுமதி வாங்கிக் கொடுத்துவிட்டது.

முகமூடிக்கு இரண்டு யோசனைகள் இருந்தன. ஒன்று கோமாளி. மற்றது ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் கேப்டன் கிர்க், அதாவது வில்லியம் ஷாட்னரின் முகம். கடையில் வாங்கியது, விலை இரண்டு டாலருக்குள். கலை இயக்கம் பார்த்த டாமி லீ வாலஸ் அதன் புருவத்தையும் கிருதாவையும் எடுத்தார், கண் ஓட்டைகளைப் பெரிதாக்கினார், வெளிறிய வெள்ளை பெயின்ட் அடித்தார், முடியைக் கலைத்துவிட்டார். கோமாளி முகத்தில் ஒரு சிரிப்பு எப்போதும் ஒட்டியிருக்கும். இந்த முகத்தில் கோபமும் தெரியவில்லை, குரூரமும் தெரியவில்லை. அவன் என்ன செய்யப்போகிறான் என்பதற்கு ஒரு துப்பும் கிடைக்காததால் பார்ப்பவர் தன் பயத்தை எல்லாம் அந்த வெறுமையில் ஏற்றிக்கொள்கிறார். ஒதுக்கிவிட்ட கோமாளி யோசனையும் வீணாகவில்லை. 1963-இல் நடப்பதாக வரும் முதல் காட்சியில் ஆறு வயதுப் பையனாக அந்தக் கொலைகாரன் போட்டிருப்பது கோமாளி வேஷம்தான்.

உடம்புக்கு ஒரு கரும் நிற ஓவரால், மெக்கானிக் போடுவது. எங்கிருந்து வந்தது? வழியில் ஒருவனைக் கொன்று உருவியது. முகமூடி ஹார்டுவேர் கடையில் திருடியது. இப்படி ஒவ்வொரு துணிக்கும் கதைக்குள் ஒரு வரவு இருக்கிறது. அதைப் போட்டு நடந்தவர் நிக் கேஸில், கார்ப்பெண்டருடன் கல்லூரியில் படித்தவர். நாளுக்கு 25 டாலர் சம்பளம். முகம் மறைந்துபோன பிறகு அவருக்கு மிச்சம் இருந்தது நடை மட்டும். ஓடாமல், பதறாமல், தெருவைக் கடப்பதுபோல நடந்தே அந்தப் பாத்திரத்தை நிறுத்திவிட்டார். நாயகியாக நடித்த ஜேமி லீ கர்ட்டிஸின் உடைகள் ஜே.சி.பென்னி கடையில் சுமார் 100 டாலருக்கு எடுத்தவை. பக்கத்து வீட்டுப் பெண் போடுகிற துணி என்பதால்தான் ஆபத்தும் பக்கத்து வீட்டுக்கு வந்துவிடுகிறது.

எனக்கு மிகப் பிடித்தது போர்வைக் காட்சி. முகமூடிக்காரன் ஒரு வெள்ளை விரிப்பைப் போர்த்திக்கொண்டு, அதன்மேல் தான் கொன்றவனின் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அறை வாசலில் நிற்கிறான். உள்ளே இருக்கும் பெண், காதலன் விளையாடுகிறான் என்று நினைத்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கிறாள். ஒரு விரிப்பு, ஒரு கண்ணாடி. இதைவிடச் சிக்கனமான உடை வடிவமைப்பை நான் பார்த்ததில்லை.

நம் மாணவர் டிரெய்லர்களில் இன்னும் வெள்ளைப் புடவையும் விரித்த கூந்தலும்தான் வருகின்றன. ‘யார் நீ’ (1966) படத்தில் ஜெயலலிதாவின் வெள்ளைப் புடவை எடுபட்டதற்குக் காரணம் உண்டு. கருப்பு வெள்ளைப் படத்தின் இருட்டில் கண்ணுக்குக் கிடைத்த ஒரே வெளிச்சம் அதுதான். இன்றைக்கு செல்போன் கேமராவில் பளீர் வெள்ளை வைத்தால் புடவை வெளுத்து மடிப்பே தெரியாமல் போகும், முகம் கருத்துவிடும். வெள்ளை வேண்டும் என்றால் டீத்தண்ணீரில் முக்கி உலர்த்துங்கள். முழுக் கருப்பும் வேண்டாம், இருட்டு விழுங்கிவிடும். ரத்தம் படப்போகிற சட்டையில் இரண்டு வாங்குங்கள்.

அதற்கும் முன்னால், உங்கள் கதை எந்த நாளில் நடக்கிறது என்று முடிவு செய்யுங்கள். குலசேகரப்பட்டினம் தசராவில் ஊர் முழுக்க வேஷம் இருக்கும்தான். ஆனால் அது பக்தர்களின் நேர்த்திக்கடன். அதைக் கொலைகாரனின் மறைவிடமாக்க என் மனம் ஒப்பவில்லை. மார்கழி விடியலை எடுத்துக்கொள்ளுங்கள். பனிமூட்டம், கோலம், மங்கி குல்லாவும் மஃப்ளருமாக நடமாடும் மனிதர்கள். அந்தத் தெருவில் முகத்தை மூடிய ஒருவனை யார் சந்தேகப்படுவார்கள்? ‘மார்கழி’ என்றே பெயர் வைக்கலாம்.

பெயரில் ‘பேய்’, ‘ரத்தம்’ எல்லாம் தேவையே இல்லை. ‘யாவரும் நலம்’ (2009) அதற்கு நல்ல சான்று. படத்துக்குள் ஓடும் டிவி தொடரின் பெயரே அதுதான். அந்தத் தொடரில் நலம் கெடக்கெட, பார்க்கும் குடும்பத்திலும் கெடுகிறது. முதலில் வைத்த பெயரே நிலைக்க வேண்டும் என்றும் இல்லை. சாம் ரெய்மி இருபதைத் தொடாத வயதில், பணம் போடுபவர்களுக்குக் காட்டவென்றே சுமார் 1,600 டாலரில் ‘விதின் தி வுட்ஸ்’ என்ற குறும்படம் எடுத்தார். அதை வைத்துத் திரட்டிய பணத்தில் வந்த பெரிய படத்துக்கு ‘புக் ஆஃப் தி டெட்’ என்று பெயர் வைத்திருந்தார். விற்பனையைக் கவனித்த இர்வின் ஷபீரோ சொல்லி அது ‘தி ஈவில் டெட்’ ஆனது.

பெயரைக் கடைசி நேரத்தில் மாற்றுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஜார்ஜ் ரொமேரோவின் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ (1968) முதலில் ‘நைட் ஆஃப் தி ஃப்ளெஷ் ஈட்டர்ஸ்’. விநியோகஸ்தர் தலைப்பு அட்டையை மாற்றியபோது அதிலிருந்த காப்புரிமைக் குறிப்பு புது அட்டையில் ஏறவில்லை. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி குறிப்பு இல்லாவிட்டால் உரிமையும் இல்லை. படம் பொதுச்சொத்தாகி, யார் வேண்டுமானாலும் பிரதி போட்டு விற்றார்கள். எடுத்தவர்களுக்கு அதில் எதுவும் வரவில்லை.