இடிபாடும் சம்மதமும்

அழிப்பும் ஒரு சிருஷ்டிதான் என்று சொல்வது ரொம்பச் சுலபமாகிவிட்டது. மைன்கிராஃப்ட் விளையாட்டில் பிறர் கட்டியதை வேண்டுமென்றே இடிப்பவர்களைப் பற்றிய பேச்சிலும் (அவர்கள் பாஷையில் இது க்ரீஃபிங்) இந்த வாக்கியம் வந்துவிடுகிறது. துணைக்கு ராஷன்பர்க்: 1953இல் டி கூனிங்கின் சித்திரம் ஒன்றை ரப்பரால் அழித்து, மிஞ்சிய தாளைத் தன் படைப்பாக வைத்தவர். ஆனால் ராஷன்பர்க் நேரில் போய்க் கேட்டார். டி கூனிங்கும் மனமில்லாமல், அழிக்கச் சிரமமான ஒன்றாகப் பார்த்துக் கொடுத்தார். வாரக்கணக்கில் தேய்த்தும் தடயம் முற்றாகப் போகவில்லை. ஆளில்லாத நேரத்தில் டிஎன்டி வைத்துவிட்டுப் போகிறவனுக்கு இந்தச் சிரமம் எதுவும் கிடையாது.

பல சர்வர்களில் யார் எந்த பிளாக்கை எப்போது வைத்தார், எடுத்தார் என்பது பதிவாகிறது. நாசம் நேர்ந்தால் நிர்வாகி பழைய நிலைக்குத் திருப்பிவிடலாம். வங்கியில் நாங்கள் தப்பான பதிவைச் சுரண்டுவதில்லை, எதிர்ப்பதிவு போடுகிறோம், அதே காரியம்தான். அங்கே நாசக்காரன் வெறும் குறும்புக்காரன்.

2பி2டி விஷயம் வேறு. 2010இல் தொடங்கிய இந்த சர்வரில் விதி என்று கிட்டத்தட்ட எதுவுமில்லை; அதன் உலகம் துடைத்துப் புதிதாக்கப்படாமலே தொடர்கிறது. புதியவன் வந்திறங்கும் மையப்பகுதியில் குண்டுக்குழிகள். எரிமலைக் குழம்பையும் தண்ணீரையும் மாற்றி மாற்றி ஊற்றி எழுப்பிய சாம்பல்நிறக் கல்மேடுகள். பாதியில் நிற்கும் சுவர்கள். படங்களைப் பார்த்தபோது எனக்கும் ஒரு கிளர்ச்சி ஏற்பட்டது, மறைப்பானேன். ஆனால் அது இடித்தவன் தந்ததல்ல. துடைக்காமல் விட்டுவைத்த வருஷங்கள் தந்தது.

இங்கே கட்ட வருபவன் ஒருவிதத்தில் சம்மதித்துவிட்டுத்தான் வருகிறான். ஆகவே நியாயம் பேசுவதைவிடக் கட்டடத்தைப் பார்ப்பது மேல். ஒரு பிளாக் ஒரு மீட்டர் என்று கணக்கு. மையத்திலிருந்து லட்சக்கணக்கான பிளாக் தள்ளிப்போய், யாரிடமும் சொல்லாமல் கட்டுகிறான். கோட்டை உண்டு, கோபுரம் உண்டு, பார்வையாளன் மட்டும் இல்லை. (சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இது புரியாத நிலைமை அல்ல.) அழையாமல் வந்து சேரும் முதல் பார்வையாளன் அநேகமாக இடிக்க வந்தவன். அவனும் சில சமயம் முழுக்கச் சுற்றிப்பார்த்து, படம் எடுத்துக்கொண்டு, பிறகுதான் இடிக்கிறான். இதையும் ஒரு ரசனை என்பவர்கள் இருக்கிறார்கள். பார்வையாளன் ஸ்தானத்தை எதிரி ஒருவனுக்கே விட்டுக்கொடுக்க நேர்ந்த கட்டடக்கலை எப்படிக் குறுகிப்போகிறது என்பதை அவர்கள் யோசிப்பதில்லை. ஒளிந்திருப்பதே முதல் குணமாகிவிடுகிறது. முகப்பு என்பதற்கு அங்கே வேலையில்லை.

நான் பார்த்த படங்களில் சில இடித்தவர்கள் எடுத்தவை. தன் கோபுரத்தை எந்தப் பக்கமிருந்து பார்க்கச் சொல்லியிருப்பான் கட்டியவன் என்பது அவற்றில் தெரியவில்லை.