கல்லும் பூச்சும்: ஹில் ஹவுஸ் இல்லம் குறித்து ஒரு மதிப்பீடு

பழங்கட்டடத்தைப் பாதுகாத்தல் என்பது அதன் பொருளைக் காத்தலா, வடிவத்தைக் காத்தலா? இவ்வினாவைக் கூர்மையாக எழுப்பும் கட்டடம் ஸ்காட்லாந்தின் ஹெலன்ஸ்பரோ நகரிலுள்ள ஹில் ஹவுஸ் ஆகும். கிளாஸ்கோ பதிப்பாளர் வால்டர் பிளாக்கியின் குடும்பத்திற்காக 1902க்கும் 1904க்கும் இடையில் சார்லஸ் ரென்னி மெக்கின்டாஷ் எழுப்பிய இல்லம் இது. பாதுகாக்கப்பட்ட கட்டடங்களுள் மிக உயர்ந்த ‘ஏ’ வகையைச் சார்ந்த இவ்வில்லம், 1982 முதல் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையின் பொறுப்பில் உள்ளது.

உள்ளறைகளின் அமைப்பு முடிவான பின்னரே வெளித்தோற்றம் வரையப்பட்டதாகப் பிளாக்கி பதிவு செய்துள்ளார். ஆதலின் சாளரங்கள் சமச்சீருக்காக அன்றி, அறைகளின் தேவைக்கேற்பவே இடம்பெறுகின்றன. பழைய கோட்டைவீடுகளின் செங்குத்தான கூரையும் உருளைக் கோபுரப் படிக்கட்டும் இங்கு உண்டு. அவற்றின் அணிவேலைப்பாடுகள் இல்லை. கல்லும் செங்கல்லுமான சுவர்களைச் சாம்பல்நிறச் சொரசொரப்புப் பூச்சு ஒரே போர்வையாக மூடி, இல்லத்தை ஒற்றைப் பாறையில் செதுக்கிய சிற்பம்போல் காட்டுகிறது.

குறையும் அப்பூச்சிலேயே உள்ளது. மரபுவழிச் சுண்ணாம்புப் பூச்சு சுவரில் புகுந்த ஈரத்தை வெளியேற விடும். மெக்கின்டாஷோ போர்ட்லாந்து சிமெண்டைத் தேர்ந்தார். சுவர்த்தலைப்பில் மழைநீரை விலக்கும் கல்மூடிகளையும் தவிர்த்தார். வெடிப்புகளின்வழி நுழைந்த நீர் வெளியேற வழியின்றிச் சுவர்களை நலிவித்தது. 2019இல் கூரையும் எஃகு வளைய வலையும் கொண்ட பெருங்கூடு ஒன்று இல்லம் முழுவதையும் சூழ எழுப்பப்பட்டது. அதனுள் காற்று புகும். மழையின் பெரும்பகுதி புகாது.

அழகும் பழுதும் ஒரே முடிவின் இரு விளைவுகள் என்பதை நாம் மறத்தலாகாது. நம் பழந்தமிழ் நூல்கள் ஓலை சிதையுந்தோறும் புதிய ஓலையில் படியெடுக்கப்பட்டே நம்மை வந்தடைந்தன. ஓலை மாறலாம், பாடம் மாறலாகாது. அவ்வாறே சிதைந்த பூச்சை நீக்கி, ஈரம் வெளியேறத்தக்க பூச்சினை இடுவதை நாம் ஏற்கலாம். கல்மூடிகளைச் சேர்த்து விளிம்புகளின் தூய்மையைக் குலைப்பதோ பாடத்தைத் திருத்துவதாகும்.

எனினும் இவ்வொப்புமைக்கு எல்லை உண்டு. கட்டடத்தில் பொருளும் ஓரளவு பாடமே. சிமெண்ட் அக்கலைஞரே விரும்பித் தேர்ந்தது. ஆகவே நலமுள்ள பகுதிகளைக் காத்து, நலிந்தவற்றை மட்டும் மாற்றி, மாற்றியவற்றை முறையாகப் பதிவுசெய்வதே தக்கது. கூடு அதற்கான அவகாசத்தைத் தருகிறது. ஆயினும் மலைச்சரிவில் வானத்தின்கீழ் நிற்பதற்கென வரையப்பட்ட இல்லத்திற்கு அது நிலையான தீர்வாகாது என்பது நம் கருத்து.