பிடியும் ஊரும்

ஒரு பொருளின் ஊரைச் சொல்லிவிட்டால் அதன் சரித்திரமும் முடிந்துவிட்டதாக நினைப்பது அருங்காட்சியகச் சீட்டுகளின் சுபாவம். ஜாவாவின் கிரிஸ் என்னும் குத்துவாள் இந்தச் சுபாவத்துக்கு அடங்குவதில்லை.

கிரிஸின் பிடிகளை ஊர்வாரியாகப் பிரிக்க முடியும், இதில் சந்தேகமில்லை. பாலித் தீவின் பிடியில் தெய்வமோ அரக்கனோ முழு உருவில் இருப்பதுண்டு. மதுராத் தீவில் மரத்திலும் தந்தத்திலும் பூவேலை நெருக்கமாக ஓடும். மத்திய ஜாவாவிலோ உருவம் மறைந்து, சற்றே குனிந்த வழவழப்பான மரம் மிஞ்சுகிறது. ஒரு பக்கத்தில் மட்டும் இரண்டு சிறு செதுக்கல்கள். இதற்குப் பெயர் நுங்கக் செமி: துளிர்விடும் அடிமரம்.

உருவம் ஏன் மறைந்தது? இஸ்லாம் வந்ததால் என்பது சுலபமான பதில். சிரெபோனும் இஸ்லாமிய அரசுதான். அங்கே அரக்கன் பிடியில் நிலைத்தான். மதுரா முஸ்லிம்கள் ஐரோப்பியக் கிரீடத்தையும் குதிரையையும் செதுக்கினார்கள். மதத்துக்குப் பங்கு இருக்கலாம். ரூபத்தை அது மட்டும் தீர்மானித்துவிடவில்லை. 1755இல் கியாந்தி உடன்படிக்கை மாதாராம் அரசை இரண்டாக்கியது. சுரகர்த்தாவின் பிடி சற்றுப் பெரிது, யோக்யகர்த்தாவினுடையது சிறிது. இரண்டுக்கும் இடையே சுமார் 60 கிலோமீட்டர். இந்த வித்தியாசத்தை மண்ணையும் மரத்தையும் கொண்டு விளக்க முடியாது. தனித்துத் தெரிய விரும்பிய இரு அரசவைகளைக் கொண்டுதான் விளக்க வேண்டும்.

பெயரை நம்புவதும் ஆபத்து. தோளைக் குறுக்கி உட்கார்ந்தது போன்ற ஒரு பிடியை மலாய்க்காரர்கள் 'ஜாவா டெமாம்', அதாவது காய்ச்சல் கண்ட ஜாவாக்காரன், என்கிறார்கள். அது வழங்குவது சுமாத்ராவிலும் மலாய் தீபகற்பத்திலும்.

இதைவிட அடிப்படையான சிக்கல் ஒன்றுண்டு. பிடி அலகோடு நிரந்தரமாகச் சேர்வதில்லை. அலகின் காம்பில் துணியையோ நூலையோ சுற்றிப் பிடிக்குள் செருகுகிறார்கள், வேண்டும்போது கழற்றலாம். அலகு தலைமுறைகளைத் தாண்டும், பரிசாகப் போகும், விலைக்கும் போகும். வாங்கியவன் தன் ஊர் வழக்கப்படி பிடி போட்டுக்கொள்வான். ஆகவே பிடி காட்டுவது கடைசியாக அணிந்தவனின் ஊரை. அலகு பிறந்த ஊர் வேறாக இருக்கலாம்.

ஊர் கலந்த கிரிஸைக் குறையுள்ளதாகக் கருதி, 'பொருத்தமான' பிடி தேடிப் போடுவது திருத்தமாகாது. அந்த வாள் எங்கெங்கே போயிற்று, யார் கையில் இருந்தது என்பதற்கான சாட்சியம் அதோடு அழிந்துபோகிறது. சீட்டில் அலகுக்கு ஓர் ஊர், பிடிக்கு ஓர் ஊர், உறைக்கு ஓர் ஊர் என்று தனித்தனியே எழுதட்டும். மூன்றும் ஒத்துப்போனால் சந்தோஷம். ஒத்துப்போகாவிட்டால், விமர்சகனுக்கு வேலை அங்கேதான் தொடங்குகிறது.