இணைப்பு விழும் இடம்

புதுக் கிட் ஒன்றின் பெட்டியைத் திறந்தால் என் கண் முதலில் போவது இணைப்புகளுக்குத்தான். காக்பிட்டில் எத்தனை பாகம், டெக்கால் தாளில் எத்தனை விமானம் என்பதெல்லாம் அப்புறம். உடலின் இரு பாதிகள் எந்த வழியாகச் சேர்கின்றன, இறக்கை உடலோடு எங்கே ஒட்டுகிறது, எஞ்சின் மூடி எந்தக் கோட்டில் பிரிகிறது என்று ஸ்ப்ரூவில் இருக்கும்போதே தடவிப் பார்த்துவிடுவேன். வடிவமைத்தவர் அசல் விமானத்தை எவ்வளவு ஆழமாகப் படித்திருக்கிறார் என்பது அந்தத் தடவலிலேயே தெரிந்துவிடும்.

இந்த அளவுகோலில் எனக்கு எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது 2009இல் டாமியா வெளியிட்ட 1/32 ஸ்பிட்ஃபயர் மார்க் 9சி. அதற்குப் பிறகு நல்ல கிட்டுகள் வரவில்லை என்று சொல்ல மாட்டேன். டாமியாவே 2018இல் 1/48இல் புதிய மார்க் 1 கொடுத்தது, அதுவும் அருமை. ஆனால் அந்த 32இன் மூக்குப் பகுதியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். எஞ்சின் மூடித் தகடுகள் குட்டிக் காந்தங்களால் பிடித்து நிற்கின்றன. கழற்றினால் உள்ளே மெர்லின் எஞ்சின் முழுசாக இருக்கிறது. திரும்ப வைத்தால், அசல் விமானத்தில் மெக்கானிக் திறந்து மூடிய அதே கோடுகள்தான் கண்ணுக்குத் தெரிகின்றன. வேறு கோடு இல்லை. புட்டிக்கு வேலையே வராது. பச்சை மூடிப் பசையை இணைப்பின் ஒரு முனையில் தொட்டு வைத்தால் அது தானாக மறுமுனை வரை ஓடி அடங்கும்; பிளாஸ்டிக் இளகி வெளியே பிதுங்குவதுகூட அளவாகத்தான் இருக்கும்.

இது தற்செயலாக அமைவதில்லை. 1/12 போர்ஷே 934 கிட்டுக்காக டாமியா நிறுவனத்தின் ஷுன்சாகு டாமியா ஒரு போர்ஷே 911 காரை விலைக்கு வாங்கி, பிரித்துப் போட்டுப் பார்த்தார் என்பது நம் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்தக் கிட் வந்தது 1976இல். கேட்டதும் எல்லோரும் செலவைப் பற்றித்தான் வியக்கிறார்கள். என் வியப்பு வேறு. ஒரு பொருளைத் தன் கையால் கழற்றியவருக்கு அது எங்கே கழலும் என்று தெரியும். கழலும் இடம் தெரிந்தவருக்கு எங்கே ஒட்டவைக்க வேண்டும் என்றும் தெரியும். ஷிசுவோகாவில் மர அறுவை ஆலையாகத் தொடங்கிய நிறுவனம் அது. 1961இல் வந்த அவர்களுடைய பாந்தர் டாங்கியின் அளவு, மோட்டாரும் பேட்டரியும் உள்ளே அடங்க வேண்டும் என்பதிலிருந்து பிறந்தது. உலகமே பின்னால் 1/35 என்று ஏற்றுக்கொண்டது அதைத்தான். பொருளின் வயிற்றிலிருந்து வெளிப்புறத்தை யோசிக்கும் பழக்கம் அங்கே அன்றிலிருந்தே இருக்கிறது.

இப்போது ரிவெட் விஷயத்துக்கு வருகிறேன். இதில் பல நண்பர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

ஸ்பிட்ஃபயரின் முதல் மாதிரியான கே5054 பறந்தது 1936இல். அதன் ரிவெட்டுகள் தகட்டோடு சமமாக அழுத்தப்பட்டவை. அப்படிச் செய்யச் செலவும் நேரமும் அதிகம். குமிழ்த் தலை ரிவெட் போட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள, பொறியாளர்கள் உடைத்த பட்டாணிப் பருப்பை ஒவ்வொரு ரிவெட்டின் மேலும் ஒட்டிப் பறக்கவிட்டார்கள். வேகம் மணிக்கு 22 மைல் குறைந்தது. பிறகு பகுதி பகுதியாகப் பருப்பை உதிர்த்து, எங்கே குமிழ் இருந்தால் பரவாயில்லை, எங்கே கூடவே கூடாது என்று கண்டுபிடித்தார்கள். இறக்கைக்குச் சமத் தலை, உடலுக்குக் குமிழ்த் தலை என்று உற்பத்தி தொடங்கியது அப்படித்தான். இறக்கையின் முன்பகுதியில் ரிவெட் பள்ளங்களை நிரப்பித் தேய்த்து வழவழப்பாக்கியும் வைத்தார்கள்.

இவ்வளவு பாடுபட்டு மறைத்த ரிவெட்டுகளைத்தான் இன்று சக்கர ஊசி வைத்து இறக்கை முழுக்கக் குத்திக்கொண்டிருக்கிறோம். ரிவெட் இல்லாத இறக்கையைப் பார்த்தால் ‘வேலை முடியவில்லையா?’ என்று கேட்கிறார்கள். டாமியாவும் புள்ளி இட்டிருக்கிறதே என்பார்கள். உண்மைதான், ஆனால் பெயின்ட் ஒரு பூச்சு கூடினால் மங்கிவிடும் அளவுக்கு மெல்லிய புள்ளி அது. முன் விளிம்பில் உள்ளவற்றை நான் கெட்டியான பிரைமரால் நிரப்பி, 1000 எண் உப்புத்தாளில் தேய்த்துவிடுகிறேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் முன்பகுதி கண்ணாடிபோல் ஓடும், பின்பகுதியில் மட்டும் லேசாக ரிவெட் வரிசை எழும். அந்த வித்தியாசம்தான் ஸ்பிட்ஃபயர்.

பேனல் கோடுகளுக்கும் இதே நியாயம் உண்டு. 0.2 மி.மீ. அகலக் கோடு ஒன்றை 32ஆல் பெருக்கினால் அசலில் 6.4 மி.மீ. இடைவெளி, 48ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட ஒரு செ.மீ.; 72ஆல் பெருக்கினால் 14.4 மி.மீ. விரல் நுழையும் பிளவோடு எந்த விமானமும் பறக்கவில்லை. அதற்குள் கறுப்பு வாஷ் வேறு ஓட்டுகிறார்கள்! வயலில் வரப்பு கட்டியதுபோல் இறக்கை கட்டம் கட்டமாகப் பிரிந்து கிடக்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் வெளிறல், ஓரத்தில் இருட்டு. டாங்கிக்கு அந்த வண்ணப்பூச்சு முறை அழகாக அமையும். ஸ்பானியப் பாணிக்காரர்களின் டாங்கிகளை நானும் நின்று ரசிப்பவன்தான். நீள்வட்ட இறக்கை ஒரே பரப்பாக ஓட வேண்டிய விமானத்துக்கு அது பொருந்துவதில்லை.

மேடான கோடுகளை எள்ளி நகையாடுவதும் எனக்குப் பிடிக்காது. மோனோகிராமின் 1/48 பி-17ஜி, 1975ஆம் ஆண்டு அச்சு. அதன் மேட்டுக் கோடு இன்றைய பல நிறுவனங்களின் பள்ளக் கோட்டைவிட எவ்வளவோ நயமானது. இணைப்பைத் தேய்க்கும்போது கோடும் போய்விடும் என்பதுதான் குறை. திரும்ப வரையப் பொறுமை வேண்டும். என் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஏர்ஃபிக்ஸ் ஸ்பிட்ஃபயரில் கடுகளவு ரிவெட் மேடுகள் இருந்தன. அவற்றைத் தேய்த்துக் கழித்த மத்தியானங்களில்தான் பரப்பு என்றால் என்ன என்று என் விரல்கள் கற்றுக்கொண்டன. இப்போது தொடங்குகிறவர்களுக்கு அந்தப் பயிற்சியே கிடைப்பதில்லை. அவர்கள் முதலில் கற்பது துரு, எண்ணெய்க் கசிவு, பெயின்ட் உரிவு. போட்டிகளில் டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள்; உள்ளே இருக்கும் ஒயரை எண்ணுகிறார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாகங்களோடு மினிஆர்ட் டாங்கிகள் வருகின்றன, உட்புறத்தையும் சேர்த்து. அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால் பாகங்களின் எண்ணிக்கையே தரம் என்று ஆகிவிட்டதில் வருத்தம் உண்டு. வெலிங்டனில் பீட்டர் ஜாக்சன் தொடங்கிய விங்நட் விங்ஸும் அதே 2009இல்தான் முதல் கிட்டுகளை விற்றது, 2020இல் மூடிவிட்டார்கள். பாகம் குறைவோ கூடுதலோ, ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்த கிட்டுகள் அவை.

இணைப்பை மதிப்பது என்றால் எல்லா இணைப்பையும் அழிப்பது என்று எடுத்துக்கொள்கிறார்கள். மெஸ்ஸர்ஷ்மிட் 109ஐப் பாருங்கள். அதன் பின்னுடலையே தொழிற்சாலையில் இரு பாதிகளாகச் செய்து முதுகிலும் வயிற்றிலும் சேர்த்தார்கள். கிட்டிலும் இணைப்பு அங்கேயே விழுகிறது. பசை காய்ந்த பின் லேசாகத் தேய்த்து, கோட்டை மெலிதாக விட்டுவைக்க வேண்டும். எத்தனையோ 109களில் அதைப் புட்டி போட்டுப் பூசி மெழுகியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். செய்தவர் தேர்ந்த கைக்காரர். ஆனால் அசல் விமானத்தின் முதுகைப் பார்த்ததில்லை.

அடுத்து மேசையில் ஏறப்போவது 1/48 மார்க் 1. 1940இல் ஸ்பிட்ஃபயர் ஓட்டிய 234ஆம் படையணியின் அடையாளத்தில் செய்ய எண்ணம். பின்னாளில் ‘மதராஸ் பிரசிடென்சி’ என்று பெயர் ஏற்ற அணி, ஏஇசட் என்ற எழுத்துகள். மேலே அடர்பச்சையும் மண் நிறமும். ஹம்ப்ரால் 30, 29 இரண்டையும் துளி வெள்ளை கலந்து இளக்கிக்கொள்வேன், அந்த அளவில் நிறம் அப்படித்தான் கண்ணுக்கு எட்டும். வாஷ் கறுப்பில் கிடையாது. பச்சையின் மேல் பச்சையைவிட ஒரு படி இருண்ட பழுப்பு, அதுவும் கழற்றக்கூடிய தகடுகளின் ஓரத்தில் மட்டும். கடைசி மேட் பூச்சை ஐப்பசி அடைமழை விட்ட பிறகுதான் அடிக்க வேண்டும். ஈரக்காற்றில் லேக்கர் வெளுத்துப் பனி படிந்ததுபோல் ஆகிவிடும். மார்கழியின் வறண்ட முற்பகல் வரை அது பளபளப்போடு அலமாரியில் காத்திருக்கட்டும்.