ஜே.எஃப்.கே (திரைப்படம்): ஒரு மதிப்பீடு

அமெரிக்க அதிபர் ஜான் எஃப். கென்னடி 1963 நவம்பர் 22 அன்று டல்லாஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். லீ ஹார்வி ஆஸ்வால்டு தனி ஆளாக இக்கொலையைச் செய்தார் என்று வாரன் ஆணையம் 1964இல் அறிக்கை அளித்தது. அதை ஏற்காமல், கொலைக்குப் பின்னே சதி உண்டு என்று வழக்குத் தொடுத்தவர் நியூ ஆர்லியன்ஸ் மாவட்ட அரசு வழக்கறிஞர் ஜிம் காரிசன். அவரை நாயகனாக்கி ஆலிவர் ஸ்டோன் இயக்கிய படம் 'ஜே.எஃப்.கே' (1991). கெவின் காஸ்ட்னர் காரிசனாக நடித்தார்.

படத்தொகுப்புக்கும் ஒளிப்பதிவுக்கும் ஆஸ்கர் விருது பெற்ற படம் இது. உண்மையான செய்திப் படத் துண்டுகளும் நடிகர்களை வைத்து எடுத்த கறுப்பு வெள்ளைக் காட்சிகளும் அடுத்தடுத்து வருகின்றன. எது ஆவணம், எது கற்பனை என்று பிரித்தறியப் பார்வையாளருக்கு நேரமே கிடைப்பதில்லை. படத்தின் வலிமை இதுதான். குறையும் இதிலேதான் இருக்கிறது.

காரிசன் 1967இல் கைது செய்தது கிளே ஷா என்னும் தொழில்துறைப் பிரமுகரை. அரசுத் தரப்பின் முதன்மைச் சாட்சி விசாரணையின்போது மருந்து செலுத்தப்பட்டும் அறிதுயிலில் ஆழ்த்தப்பட்டும் வினவப்பட்டவர். படத்தில் அவர் இல்லை. அவருக்குப் பதிலாக ஒரு கற்பனைச் சிறைக்கைதி பேசுகிறார். ஆகவே வழக்கின் மிக நலிந்த கண்ணி பார்வையாளர் கண்ணில் படுவதே இல்லை. அதேபோல், சதியில் தனக்குப் பங்கில்லை என்று மறுத்துவந்த டேவிட் ஃபெரி, படத்தில் அச்சத்தில் நடுங்கியபடி ஏறத்தாழ ஒப்புக்கொள்கிறார்.

1969 மார்ச் 1 அன்று ஜூரிகள் ஒரு மணி நேரத்திற்குள்ளாகவே ஷா குற்றமற்றவர் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். படம் இத்தீர்ப்பை மறைக்கவில்லை. ஆனால் காரிசனின் நீண்ட, உருக்கமான உரையைக் கேட்ட பின் வரும் அத்தீர்ப்பு, நீதி தோற்றதுபோலத் தோன்றுகிறது. ஷா 1974இலேயே இறந்துவிட்டார். நீதிமன்றம் விடுவித்த மனிதரைத் திரை மீண்டும் கூண்டில் ஏற்றியபோது, மறுமொழி சொல்ல அவர் உயிருடன் இல்லை.

படத்தால் விளைந்த நன்மையையும் சொல்ல வேண்டும். அது எழுப்பிய பரபரப்பின் விளைவாக, கொலை தொடர்பான அரசு ஆவணங்களை வெளியிட வகைசெய்யும் சட்டம் 1992இல் இயற்றப்பட்டது. கோப்புகளைத் திறந்து காட்டு என்று அரசைக் கேட்பது குடிமக்களின் உரிமை. அந்தக் கேள்வியில் நியாயம் இருப்பதாலேயே குறிப்பிட்ட ஒருவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார். இவ்விரண்டையும் படம் ஒன்றாக்கிவிடுகிறது.

மாணவர்கள் இப்படத்தை அவசியம் பார்க்கலாம். பார்க்கும்போது ஒரு தாளை இரண்டாக மடித்து, சாட்சியம் உள்ளவற்றை ஒரு பக்கமும் காட்சியாக மட்டும் காட்டப்பட்டவற்றை மறுபக்கமும் எழுதி வாருங்கள். எந்தப் பக்கம் முதலில் நிரம்புகிறது என்பதைக் கவனியுங்கள்.