நாதஸ்வர வீட்டிலிருந்து வந்த சாக்ஸபோன்

செஞ்சி வட்டாரத்துக்காரர்களுக்குக் காற்றுவாத்தியம் புதிதல்ல. தெருக்கூத்தில் விடியவிடிய முகவீணை ஒலிக்கும். சாமி புறப்பாடு என்றால் நாதஸ்வரம். கல்யாண ஊர்வலத்துக்குப் பேண்டு செட்டு. அதில் முன்பு கிளாரினெட், இப்போது பெரும்பாலும் சாக்ஸபோன். பளபளக்கும் அந்தப் பித்தளைக் குழாயைப் பார்த்தவுடன் ‘இங்கிலீஷ் வாத்தியம்’ என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் தென்னிந்தியாவில் சாக்ஸபோன் வேர்பிடித்த வரலாற்றைப் பார்த்தால், அதைத் தாங்கிப் பிடித்தவை ஓட்டல் மேடைகள் அல்ல, நாதஸ்வரக் குடும்பங்களே.

சென்னைக்கு ஜாஸ் வராமல் இல்லை. 1958இல் டேவ் புரூபெக் குழு வந்தது. அதில் ஆல்டோ சாக்ஸபோன் வாசித்தவர் பால் டெஸ்மண்ட். 1963இல் டியூக் எலிங்டன் தன் இசைக்குழுவோடு வந்தார். பனிப்போர்க் காலத்தில் அமெரிக்க அரசு அனுப்பிவைத்த பயணங்கள் அவை. 1969இல் மவுண்ட் ரோடு சஃபையர் தியேட்டர் வளாகத்தில் இருந்த ‘நைன் ஜெம்ஸ்’ விடுதியில், பம்பாயில் வளர்ந்த ஒரு தமிழ்ப் பெண் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மேற்கத்தியப் பாடல்களைப் பாடினார். உஷா உதுப் என்று நாடு பின்னால் கொண்டாடிய குரல் அது. ஆனால் அவர் பெயர் நிலைத்தது சென்னையில் அல்ல, கல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டில். சென்னை ஜாஸைக் கேட்டு ரசித்தது, வளர்க்கவில்லை.

சாக்ஸபோன் வேறு வழியாக வந்தது. தென்கன்னட மாவட்டத்தின் பண்ட்வால் அருகே சஜிபமூடா என்ற ஊரில் 1949இல் பிறந்தவர் கத்ரி கோபால்நாத். தந்தை தனியப்பா நாதஸ்வரக் கலைஞர். மகனும் நாதஸ்வரத்தில்தான் தொடங்கினார். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டதும் மனம் அதன்மேல் போய்விட்டது. மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடம் கர்நாடக இசை கற்றார். பிறகு சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணன் அவரை ஏற்றுக்கொண்டார். பாட்டும் மிருதங்கமும் ஒருசேரக் கைவந்த வித்வான் அவர். கத்ரியின் வாசிப்பில் கீர்த்தனையின் சொல் எங்கே பிரிகிறது, எங்கே மூச்சு எடுக்க வேண்டும் என்பதெல்லாம் துல்லியமாகக் கேட்கிறதென்றால், ஒரு பாடகரிடம் கற்றதும் அதற்குக் காரணம் என்றே நினைக்கிறேன். வாத்தியத்தைப் பாடவைத்தவர் கத்ரி.

அது எத்தனை கடினம் என்பதைச் சொல்லியாக வேண்டும். நாதஸ்வரத்தின் துளைகள் விரலுக்கடியில் திறந்தே இருக்கின்றன. விரலைப் பாதி விலக்கலாம், மெல்ல நகர்த்தலாம். சீவாளியை உதட்டால் அழுத்தி, தளர்த்தி ஒரு ஸ்வரத்தை அடுத்ததன் மடியில் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். 1846இல் பாரிஸில் அடால்ஃப் சாக்ஸ் காப்புரிமை பெற்ற வாத்தியத்தில் விரலுக்கும் துளைக்கும் நடுவே சாவி இருக்கிறது. சாவி திறக்கும், அல்லது மூடும். தோடியின் காந்தாரமோ அப்படித் திறந்து மூடுகிற விஷயம் அல்ல. அது அசைந்துகொண்டே இருக்க வேண்டும். கத்ரி சாவிகளின் அடியில் உள்ள மெத்தைகளில் தனக்கேற்ற மாற்றங்கள் செய்துகொண்டார். மீதி வேலை முழுக்க உதடு, தாடை, தொண்டை, மூச்சு. இந்தக் கருவியை வசப்படுத்த அவருக்கு ஏறக்குறைய இருபது ஆண்டு பிடித்தது என்பார்கள்.

ஜாஸ் அவரைத் தேடி வந்தது. 1980இல் பம்பாய் ஜாஸ் விழாவில் அவர் வாசிப்பைக் கேட்ட அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஜான் ஹேண்டி, அவரோடு சேர்ந்து வாசித்தார். உலக மேடைகள் திறந்தன. 1994இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பி.பி.சி. நடத்தும் பிராம்ஸ் விழாவில் வாசித்தார். அதே ஆண்டு பாலசந்தரின் ‘டூயட்’ வந்தது. ஏ.ஆர். ரஹ்மான் இசையில், பிரபு ஏற்ற பாத்திரத்துக்குப் பின்னால் ஒலித்தது கத்ரியின் மூச்சு. சபாப் பக்கமே போகாத லட்சக்கணக்கான தமிழர்கள் கல்யாணவசந்தம் ராகத்தைக் கேட்டது அந்தப் படத்தில்தான். இன்று கல்யாண வீடுகளில் சாக்ஸபோன் கேட்கிறார்கள் என்றால் அந்தப் படத்துக்கும் அதில் பங்குண்டு.

இதற்கு எதிர்த்திசையில் ஒருவர் நடந்தார். பாஸ்டனில் 1923இல் பிறந்த சார்லி மரியானோ, 1963இல் சார்லஸ் மிங்கஸின் புகழ்பெற்ற இசைத்தட்டு ஒன்றில் ஆல்டோ வாசித்தவர். ஜாஸ் உலகத்தில் பெயர் எடுத்தவர். நடுவயதில் அவர் நாதஸ்வரம் கற்றுக்கொண்டார். பெங்களூரில் டி.ஏ.எஸ். மணி நடத்திய கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்குஷன் குழுவோடும் பாடகி ஆர்.ஏ. ரமாமணியோடும் சேர்ந்து 1983இல் ‘ஜோதி’ என்ற இசைத்தட்டை வெளியிட்டார். சாக்ஸபோனும் பாட்டும் ஒன்றையொன்று விழுங்காமல் பேசிக்கொள்வதைக் கேட்க வேண்டுமானால் அதைத்தான் பரிந்துரைப்பேன். இரண்டு இசைகளைக் கலக்கிறேன் என்று மேடையில் வேகப்போட்டி நடத்தும் பல முயற்சிகளில் இல்லாத பொறுமை அதில் இருக்கிறது.

அடுத்த தலைமுறைக்குக் கத்ரியே பள்ளிக்கூடம். அமெரிக்காவில் வளர்ந்த சாக்ஸபோன் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவுக்கு அவருடைய அண்ணன் வேடிக்கையாகக் கொடுத்த கத்ரியின் இசைத்தட்டு, அவர் பாதையையே மாற்றியது. 2008இல் இருவரும் ‘கின்ஸ்மென்’ ஆல்பத்தில் சேர்ந்து வாசித்தார்கள், வயலினில் அ. கன்யாகுமாரி. அரிசோனாவின் பிரசாந்த் ராதாகிருஷ்ணன் ஜாஸும் படித்தார், கத்ரியிடமும் கற்றார். பெங்களூரின் லாவண்யா, சுப்பலட்சுமி சகோதரிகள் கச்சேரி மேடையில் பெண்களுக்கும் இடம் பிடித்தார்கள். 2004இல் பத்மஸ்ரீ பெற்ற கத்ரி, 2019 அக்டோபர் 11 அன்று மங்களூரில் காலமானார்.

சபாவுக்கும் வெளிநாட்டு மேடைக்கும் போன இந்தக் கதை ஓரளவு பதிவாகிவிட்டது. பதிவாகாதது செஞ்சி, திண்டிவனம், திருவண்ணாமலை சாலைகளில் ஊர்வலத்தோடு நடந்து வாசிக்கிறவர்களின் கதை. சினிமாப் பாட்டைக் கேட்ட மாத்திரத்தில் எடுத்து, கூட்டத்தின் மனநிலை பார்த்து நீட்டியும் குறுக்கியும் வாசிக்கிறார்கள். ஜாஸ்காரர்கள் பெருமையோடு சொல்லும் மனோதர்மமும் இதுதான். வாத்தியத்தைக் கடன் வாங்கி வாங்குகிறார்கள், மூத்தவர் பக்கத்தில் நின்று பார்த்தே கற்கிறார்கள், முகூர்த்தமில்லா மாதங்களில் வேறு கூலிக்குப் போகிறார்கள். கிளாரினெட்டுக்குத் திருச்சி ஏ.கே.சி. நடராஜன் வாழ்நாள் முழுதும் உழைத்துக் கச்சேரி அந்தஸ்து பெற்றுத் தந்தார். 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்த மரியாதையில் ஒரு துளிகூடத் தெருவில் வாசிக்கிறவரை எட்டவில்லை.

இதை மாற்ற வழி உண்டு. விழுப்புரத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. நாதஸ்வரமும் தவிலும் அங்கே முறையாகக் கற்றுத் தருகிறார்கள். நாதஸ்வரம் படிக்கிற பிள்ளைக்கு அங்கேயே சாக்ஸபோனும் கற்க வழி செய்யலாம். கத்ரி நடந்த பாதை அதுவே. அரசு ஒரு ஆசிரியர் பணியிடத்தையும் நாலைந்து வாத்தியங்களையும் கொடுத்தால் போதும். கலை பண்பாட்டுத் துறை இதை இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்க வேண்டும்.